ஆங்கிலத்துக்கும் வினைமரபு உண்டு

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டியூஷன் முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியாமல் கடைவீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து வந்து தன் கட்டுரைத் தாளை என் முன்னால் வைத்தாள்.

“டீச்சர், நல்லா பாருங்க. கிராமர்ல தப்பே இல்ல. அப்புறம் ஏன் பேண்ட் ஏறவே மாட்டேங்குது?”

பேண்ட் என்றால் ஆங்கிலத் தேர்வில் கிடைக்கும் தரப்படி. அவள் சொன்னது உண்மைதான். காலம் சரி, ஒருமை பன்மை சரி, எழுத்துப்பிழையும் இல்லை. சாலைப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரை. தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவள் என்பதால் சொல்ல வேண்டிய விஷயமும் அவளிடம் நிறையவே இருந்தது. ஆனால் முதல் பத்தியிலேயே இப்படி எழுதியிருந்தாள்: ‘இன் ஸ்ட்ராங் ரெயின், மெனி ரைடர்ஸ் டூ மிஸ்டேக்ஸ் பிகாஸ் தே டூ நாட் கிவ் அட்டென்ஷன் டு த ரோட். த கவர்ன்மென்ட் மஸ்ட் டூ ஆக்‌ஷன்.’

படித்தால் புரிகிறது. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் இப்படி எழுத மாட்டார். சிவப்பு மையில் நான்கு சொற்களை மட்டும் மாற்றினேன். ‘ஸ்ட்ராங்’ போய் ‘ஹெவி’ வந்தது. ‘டூ மிஸ்டேக்ஸ்’ என்பது ‘மேக் மிஸ்டேக்ஸ்’ ஆனது. ‘கிவ் அட்டென்ஷன்’ இருந்த இடத்தில் ‘பே அட்டென்ஷன்’, ‘டூ ஆக்‌ஷன்’ இருந்த இடத்தில் ‘டேக் ஆக்‌ஷன்’. அவ்வளவுதான். வாக்கியமே வேறு ஆள் எழுதியது போல ஆகிவிட்டது.

ஹெவி, மேக், பே, டேக் என்ற இந்த நான்கில் அவளுக்குத் தெரியாத சொல் எது? நான்குமே தொடக்கப் பள்ளியில் கற்றவை. ஆக, அவளுக்குச் சொல்வளம் போதவில்லை என்று சொல்ல முடியாது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் பிடிபடவில்லை. இந்தச் சேர்மானத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கொலோகேஷன் என்று பெயர். தமிழில் சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் புதிதாக இருக்கலாம், விஷயம் நமக்குப் புதிதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பால்மரத்தைச் சீவுகிறோம். செம்பனைக் குலையை வெட்டுகிறோம். கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிறோம். வீட்டுக்குப் பின்னால் போய் முருங்கைக்கீரையை உருவுகிறோம், பூவைப் பறிக்கிறோம், புல்லை அறுக்கிறோம். மரஞ்செடியிலிருந்து எதையோ எடுக்கும் வேலைதான் எல்லாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. ‘குலையைப் பறித்தேன்’ என்று யாராவது சொன்னால் நமக்குப் புரியும். இந்த ஆள் தோட்டத்து ஆள் இல்லை என்பதும் அந்த நொடியிலேயே புரிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் இதையே பாடமாகவும் படித்திருக்கிறோம். பூக் கொய்தல், கூடை முடைதல், அம்பு எய்தல், சோறு உண்ணல், முறுக்குத் தின்னல், பால் பருகல் என்று வாத்தியார் மனப்பாடம் செய்யச் சொன்னாரே, அந்த வினைமரபு. யானை பிளிறும், மயில் அகவும் என்பது ஒலிமரபு. ஏன் மயில் கூவக் கூடாது என்று கேட்டால், வாக்கிய அமைப்பில் தடை ஒன்றும் கிடையாது. அப்படிச் சொல்வது வழக்கம் இல்லை, அவ்வளவுதான். பவணந்தி முனிவர் நன்னூலில் இதை ஒரே சூத்திரத்தில் முடித்துவிட்டார்: ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.’ நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொல்கிறார்களோ, அப்படியே சொல்வதுதான் மரபு. கொலோகேஷனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆங்கில உலகில் இந்தக் கருத்தை மொழியியலுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் ஜே. ஆர். ஃபெர்த் என்ற பேராசிரியர். ஒரு சொல் யாருடன் கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளலாம் என்ற பொருளில் 1957-இல் அவர் எழுதிய ஒரு வரி இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம்மவர்களுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. லண்டனில் பேராசிரியராகும் முன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் 1934-இல் எழுதியிருக்கிறார். அவரிடம் படித்த ஹாலிடே காட்டிய ஓர் எடுத்துக்காட்டு ரொம்பப் பிரபலம். தேநீர் கடுப்பாக இருந்தால் ‘ஸ்ட்ராங் டீ’. காருக்கு வேகமும் விசையும் இருந்தால் ‘பவர்ஃபுல் கார்’. ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் அகராதியில் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதை நம்பி ‘பவர்ஃபுல் டீ’ கேட்டால் டீ கிடைத்துவிடும், கூடவே ஒரு விசித்திரப் பார்வையும் கிடைக்கும்.

இதேபோல ‘ஃபாஸ்ட் ஃபுட்’ உண்டு, ‘குயிக் ஃபுட்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவசரமாக ஒரு வாய் சாப்பிட்டால் அது ‘குயிக் மீல்’. காரணம் தேடினால் கிடைக்காது. கொட்டாவியை ஏன் ‘விடுகிறோம்’, ஏன் ‘போடுவதில்லை’? அதே கதைதான்.

சரி, பிழை எங்கிருந்து வருகிறது?

நம் மலேசியப் பிள்ளைகளின் தலைக்குள் குறைந்தது மூன்று மொழி ஓடுகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கட்டுரைத் தாளில் ஆங்கிலம். சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரையே பாருங்களேன். பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறிவிட்டது, ஆனாலும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் பல பெரியவர்களின் வாயில் முதலில் வருகிறது. ஒன்றுக்கு மேல் மொழி, ஒன்றுக்கு மேல் பெயர், எல்லாம் சேர்ந்து வாழ்வது இங்கே சாதாரணம். அதனால் ஒரு மொழியின் ஜோடி இன்னொரு மொழிக்குள் நுழைந்துவிடுவதும் சாதாரணம்.

தமிழில் மருந்து சாப்பிடுகிறோம். மலாயில் ‘மாக்கான் உபாட்’, அதுவும் சாப்பிடுவதுதான். இரண்டு மொழியும் ஒரே பக்கம் தள்ளுவதால் பிள்ளை தயக்கமே இல்லாமல் ‘ஈட் மெடிசின்’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் மருந்தை ‘டேக்’ செய்ய வேண்டும். விளக்குக்கு மலாயில் ‘புக்கா லம்பு’, ‘துத்துப் லம்பு’, அதாவது திற, மூடு. அது அப்படியே ‘ஓப்பன் த லைட்’, ‘க்ளோஸ் த லைட்’ என்று வந்துவிடுகிறது. வர வேண்டியது ‘ஸ்விட்ச் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’. தமிழில் கனவைக் காண்கிறோம், அதனால் ‘ஐ சா எ ட்ரீம்’. ஆங்கிலத்திலோ கனவு காண்பதற்கு ‘ஹேவ்’ போதும். பரீட்சையை நாம் எழுதுகிறோம். இந்தியாவில் பலர் ‘ரைட் அன் எக்ஸாம்’ என்றே சொல்கிறார்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு ‘சிட் ஃபார்’ அல்லது ‘டேக்’ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதுவரை படித்ததும், தாய்மொழிதான் இடைஞ்சல், தமிழில் நினைக்கவே கூடாது என்று சிலர் முடிவுகட்டுவார்கள். டியூஷன் வகுப்புகளில் இந்த அறிவுரையை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாணவியின் நான்கு பிழைகளையே மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல எழுத்துத் தமிழில் ‘கனமழை’ என்கிறோம். கனம் என்றால் எடை. ஆங்கிலத்தின் ‘ஹெவி’யும் எடைதான். ‘கவனம் செலுத்து’ என்கிறோம். பள்ளிக் கட்டணத்தையும் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ‘பே’. ‘நடவடிக்கை எடு’ என்பதில் வரும் எடு, ஆங்கிலத்தின் ‘டேக்’. மலாயிலும் ‘அம்பில் திண்டாக்கான்’ என்று எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆக நான்கில் மூன்றை அவள் தமிழிலேயே சரியாகப் பிடித்திருக்கலாம். தமிழ் அவளை வழிதவறச் செய்தது ஒரே இடத்தில்தான், ‘தப்பு செய்’ என்பதில். மழைக்கு ஸ்ட்ராங் போட்டது ‘பலத்த மழை’ என்று நினைத்ததால் இருக்கலாம். ஆனால் கனமழையும் அவளுக்குத் தெரிந்த சொல்தானே. இதை அவளிடம் சொன்னபோது, “அட ஆமா டீச்சர்!” என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அன்று அவள் கற்ற நான்கு சேர்க்கைகளில் ‘பே அட்டென்ஷன்’ இனி மறக்காது என்று நினைக்கிறேன். கட்டணம் செலுத்தும் கவுண்டரில் நிற்கும் படம் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதனால் என் பழக்கம் இது. புதிய ஆங்கிலச் சேர்க்கை ஒன்றைப் பார்த்தால் உடனே பக்கத்தில் தமிழையும் மலாயையும் நிறுத்திப் பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால் கவலையில்லை, அது தானாக வரும். ஒத்துப்போகாத இடத்தில்தான் பேனாவை அழுத்தி அடிக்கோடு போட வேண்டும். உழைப்பை அங்கே கொட்டினால் போதும்.

அப்படி ஒத்துப்போகாத இடங்களில் பெரியது, ‘மேக்’கும் ‘டூ’வும். தமிழில் ‘செய்’, பேச்சில் ‘பண்ணு’, மலாயில் ‘புவாட்’ என்று ஒவ்வொரு மொழியிலும் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வேலை பிரிந்துகிடக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கடமை, வேலை, பணி என்றால் பெரும்பாலும் ‘டூ’. வீட்டுப்பாடத்துக்கு, வீட்டு வேலைக்கு, கடமைக்கு, வியாபாரத்துக்கு எல்லாம் ‘டூ’ போதும். செய்து முடித்தபின் புதிதாக ஏதோ ஒன்று உண்டாகியிருந்தால் பெரும்பாலும் ‘மேக்’. டீ போட்டால் டீ உண்டாகிறது, ‘மேக் டீ’. சத்தம் போட்டால் சத்தம் உண்டாகிறது, ‘மேக் எ நாய்ஸ்’. வாக்குக் கொடுத்தால், திட்டம் போட்டால், முடிவு எடுத்தால், தப்பு செய்தால், எல்லாவற்றிலும் இதற்குமுன் இல்லாத ஒன்று உலகத்தில் வந்து சேர்கிறது. ‘மேக் எ ப்ராமிஸ்’, ‘மேக் எ ப்ளான்’, ‘மேக் எ டிசிஷன்’, ‘மேக் எ மிஸ்டேக்’. தமிழில் போடு, கொடு, எடு, செய் என்று நான்கு வினையாகப் பிரிந்ததை ஆங்கிலம் ஒரே ‘மேக்’கில் அடக்கிவிட்டது. இது முழு விதி இல்லை. படுக்கையைச் சரிசெய்வதற்கும் ‘மேக் த பெட்’ என்கிறார்கள், சேதம் செய்வதற்கு ‘டூ டேமேஜ்’ என்கிறார்கள். ஆனாலும் சந்தேகம் வரும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி கைகொடுக்கும்: புதிதாக ஒன்று உண்டானதா, இல்லையா?

இரண்டாவது பெரிய இடம், தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள். தமிழில் ஒரு பிரச்சினை ‘பற்றி’ விவாதிக்கிறோம். மலாயில் ‘பின்சாங் தெந்தாங்’, அங்கேயும் ஒரு ‘பற்றி’ உண்டு. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கிவிட்டது. ‘டிஸ்கஸ் த இஷ்யூ’ என்றால் போதும். ஆனால் குழுக் கலந்துரையாடல் பயிற்சியில் வாயைத் திறந்ததும் வரும் முதல் வாக்கியமே ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட்’ என்றுதான் இருக்கிறது. நானும் ஆறாம் படிவத்தில் அப்படித்தான் சொன்னேன். அன்று யாரும் திருத்தவில்லை, பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘எம்ஃபசைஸ் ஆன்’ என்பதிலும் அந்த ‘ஆன்’ வேண்டாம். சமாளிப்பதற்கு ‘கோப் வித்’ தான், நடுவில் ‘அப்’ வராது. மாறாக, ‘டிபெண்ட்’ வந்தால் ‘ஆன்’ கட்டாயம், ‘இன்ட்ரஸ்டட்’ வந்தால் ‘இன்’ கட்டாயம், ‘குட்’ என்று திறமையைச் சொன்னால் ‘அட்’. இவற்றைத் தனியாக இலக்கண அட்டவணையில் படிப்பதைவிட, முதல் சொல்லோடு ஒட்டிய வாலாகவே கற்பது நல்லது.

தேர்வுக்கு இதெல்லாம் எவ்வளவு தேவை என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

நம் நாட்டில் பல்கலைக்கழகம் போகிறவர்கள் எழுதும் மியூவெட் தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் 1999-இலிருந்து நடத்திவருகிறது. 2021-இல் அது சி.இ.எஃப்.ஆர். என்ற அனைத்துலக அளவுகோலோடு பொருத்தப்பட்டுப் புது வடிவம் பெற்றது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு தாள், நான்குக்கும் சம எடை. முடிவு பேண்ட் 1-இலிருந்து 5+ வரை வரும். எழுத்துத் தாளில் மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ பதில் ஒன்று, குறைந்தது 100 சொல். பிறகு கட்டுரை, குறைந்தது 250 சொல். பேச்சுத் தாளில் முதலில் தனியாகப் பேச வேண்டும், அடுத்தது குழுக் கலந்துரையாடல். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஐயெல்ட்ஸ் தேர்விலும் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம்.

ஐயெல்ட்ஸில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தனித்தனியே நான்கு அளவுகோல் வைத்து மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஒன்று முழுக்க முழுக்கச் சொல்வளத்துக்கு, மதிப்பெண்ணில் கால் பங்கு. அவர்களே பொதுமக்களுக்கு வெளியிட்டிருக்கும் விளக்கத்தில், பேண்ட் 7-க்கு உரிய வரியில் கொலோகேஷன் என்ற சொல்லே வருகிறது. அந்தப் படியில் இருப்பவருக்குச் சொற்சேர்க்கை பற்றிய ஓரளவு உணர்வு இருக்கும் என்கிறார்கள். சில இடத்தில் பிழை வந்தாலும் பரவாயில்லை. கவனியுங்கள், கடினமான சொல் எத்தனை தெரியும் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பேண்ட் ஏறவில்லை என்றதும் பிள்ளைகள் முதலில் செய்யும் காரியம், கைப்பேசியில் இணைப்பொருள் சொற்களைத் தேடி, எளிய சொல் ஒவ்வொன்றையும் தூக்கிவிட்டுப் பெரிய சொல் போடுவது. ‘பிக் ப்ராப்ளம்’ வேண்டாம் என்று ‘ஜைகான்டிக் ப்ராப்ளம்’ வருகிறது. ஜோடி தெரியாமல் சொல்லை மட்டும் பெரிதாக்கினால் வாக்கியம் இன்னும் மோசமாகும். ‘சீரியஸ் ப்ராப்ளம்’ என்று எழுதியிருந்தாலே போதும். அதில் கடினம் ஒன்றும் இல்லை, ஆனால் அதுதான் ஆங்கிலத்தின் வழக்கு.

எழுத்து நடைக்கென்று வேறு வகை ஜோடிகளும் உண்டு, அவற்றையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேச்சில் ‘டூ ரிசர்ச்’ சரி, கட்டுரையில் ‘கான்டக்ட் ரிசர்ச்’ அல்லது ‘கேரி அவுட் ரிசர்ச்’. பேச்சில் ‘கெட் எக்ஸ்பீரியன்ஸ்’, கட்டுரையில் ‘கெய்ன் எக்ஸ்பீரியன்ஸ்’. விழிப்புணர்வை ‘ரெய்ஸ்’ செய்ய வேண்டும். ஒரு விஷயம் ஆபத்தாக இருந்தால் அது ‘போஸ் எ த்ரெட்’. தேவைகளை ‘மீட்’ செய்கிறோம், பிரச்சினையை ‘டாக்கிள்’ அல்லது ‘அட்ரெஸ்’ செய்கிறோம். வினைக்கு முன்னால் வரும் அடைச்சொல்லிலும் இதே கண்டிப்பு இருக்கிறது. பரிந்துரைக்கும்போது ‘ஹைலி ரெக்கமெண்ட்’, எதிர்க்கும்போது ‘ஸ்ட்ராங்லி அப்போஸ்’, வருந்தும்போது ‘டீப்லி ரிக்ரெட்’. தமிழிலும் வன்மையாகக் கண்டிக்கிறோம், ஆழ்ந்த இரங்கல் தெரிவிக்கிறோம், மனமார வாழ்த்துகிறோம். வன்மையாக வாழ்த்திப் பாருங்கள், எப்படி இருக்கும்!

ஐயெல்ட்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தை விளக்கும் கேள்வியில் ‘ஹை இன்கிரீஸ்’ என்று எழுதாதீர்கள். ஏற்றம் திடீரென்று இருந்தால் ‘ஷார்ப் இன்கிரீஸ்’, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் ‘கிராஜுவல் டிக்லைன்’, சீராக ஏறினால் ‘ரைஸ் ஸ்டெடிலி’, உச்சம் தொட்டால் ‘ரீச் எ பீக்’. இந்த வகைக்குப் பத்துப் பதினைந்து சேர்க்கை தெரிந்தால் தாராளம்.

மரபுத்தொடரையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பி நீட்டினான் என்றால் அங்கே கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை, ஓடிவிட்டான் என்று பொருள். அது மரபுத்தொடர். ஆங்கிலத்தில் அதற்கு இடியம் என்று பெயர். சொற்சேர்க்கையில் பொருள் மறைந்திருக்காது, ‘ஹெவி ரெயின்’ என்றால் நிஜமாகவே மழைதான். மழைக்குப் பூனையும் நாயும் கொண்டுவரும் அந்தப் பழைய ஆங்கில இடியத்தை இன்றும் சில பயிற்சி ஏடுகள் பெருமையாகச் சொல்லித்தருகின்றன. முறையான கட்டுரையில் அதை எழுதாதீர்கள். ‘ஹெவி ரெயின்’ பத்து மடங்கு மேல்.

எப்படிப் படிப்பது? நீளமான பட்டியலை இறக்கிக்கொண்டு மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காத வழி. இருநூறு சேர்க்கை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வி எதுவாக இருந்தாலும் அவற்றையே திணிக்கப் பார்க்கும். அது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நான் செய்யச் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். சாதாரணப் பள்ளி நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பெயர்ச்சொல். உதாரணமாக ‘ப்ராப்ளம்’. நடுவில் எழுதுங்கள். அதற்கு முன்னால் வரக்கூடிய வினைகளை இடப்பக்கம் எழுதுங்கள்: காஸ், ஃபேஸ், டாக்கிள், சால்வ். பெயரடைகளை மேலே எழுதுங்கள்: சீரியஸ், காமன், க்ரோயிங். கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். செய்தித்தாளிலிருந்து எடுத்தது கூடாது. பஸ் நேரத்துக்கு வராதது, தோட்டத்துச் சாலையில் குழி, குடியிருப்புத் தாமானில் தண்ணீர் நின்றுபோனது, எதுவாகவும் இருக்கட்டும். சொந்த விஷயத்தில் உட்கார்ந்த சேர்க்கை இறங்கிப் போகாது. வினையிலிருந்து தொடங்காமல் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எழுதும்போது நம் மனதில் முதலில் வருவது பெயர்ச்சொல்தான். பிரச்சினை, முடிவு, கவனம் என்று விஷயம் வந்துவிடும், அதற்கு எந்த வினை என்றுதான் பேனா நிற்கும்.

வாசிக்கும்போதும் அப்படியே. ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும், மூன்று சேர்க்கைக்கு அடிக்கோடு. அடிக்கோட்டைச் சொல்லுக்குக் கீழே மட்டும் போடாமல் ஜோடிக்குக் கீழே சேர்த்துப் போடுங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சுத் தேர்வுக்கு இதுதான் பயிற்சி. ‘பே’ என்று சொல்லி நிறுத்தி, யோசித்து, ‘அட்டென்ஷன்’ என்று சொன்னால் அது இன்னும் இரண்டு சொல். ஒரே மூச்சில் ஒரே சொல்லைப் போல வரும்வரை சொல்ல வேண்டும். கொட்டாவிவிட்டான் என்பதை நாம் நடுவில் நிறுத்தியா சொல்கிறோம்?

சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கூகளில் தேடும்போது இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால், மக்கள் உண்மையில் அப்படி எழுதுகிறார்களா என்று தெரியும். இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்குக் கார்ப்பஸ் என்ற தொகுப்புகள் இருக்கின்றன, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் சேர்த்துவைத்தவை. அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா என்ற தொகுப்பில் நூறு கோடிச் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் பக்கத்தில் அதிகம் வரும் சொற்களை வரிசையாகக் காட்டும். தொடக்கத்தில் இது தேவையில்லை, ஆனால் ஒருமுறை பார்த்தவர்களுக்கு ஆசை விடாது.

அந்த மாணவிக்கும் அப்படித்தான் ஆயிற்று. போன வியாழக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். ஒன்றை உண்டாக்குவதைச் சொல்லும் ‘காஸ்’ என்ற வினைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். நான் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தேன், அவள் கேட்கவில்லை, நல்லதுக்குத்தான். இரண்டு வாரமாகச் செய்தியிலும் பாடப்புத்தகத்திலும் பார்த்ததை எல்லாம் அந்தப் பக்கத்தில் குறித்துவைத்திருந்தாள். ப்ராப்ளம், டேமேஜ், ஆக்சிடென்ட், டிலே, பெய்ன், டெத்.

“டீச்சர், இதுக்குப் பக்கத்துல வர்றது எல்லாமே கெட்டதாவே இருக்கு. ஏன்?”

கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் போட்டு அலசிய மொழியியலாளர்களும் இந்த ‘காஸ்’ என்ற சொல்லைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள் என்றேன். ‘காஸ்’ நடுநிலையான சொல் போலத் தெரியும், ஆனால் அதன் கூட்டாளிகளில் பெரும்பாலோர் கெடுதல்தான். அதனால் நல்ல விளைவைச் சொல்ல ‘காஸ் பெனிஃபிட்ஸ்’ என்று எழுதினால் உறுத்தும், ‘பிரிங் பெனிஃபிட்ஸ்’ என்றால் சரியாக உட்காரும்.

“தமிழில் இப்படி ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாரும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பையனின் தாளைத் திருத்தப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது, அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்: ‘தீங்கு விளைவிக்கும். நன்மை பயக்கும்.’